துடைப்பது வேறு, தேய்ப்பது வேறு என்றவர்

அன்புப் பிள்ளைகளே,

உங்கள் அம்மாவின் முதலாண்டு நினைவு மலரில் ‘ஆபீசில் பணிபுரிந்தார்’ என்று மட்டும் போடச் சொன்னார் உங்கள் மாமா. “கிளீனிங் வேலைன்னு எதுக்கு அத்தான்? நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பாக்கணும்லா?” என்றார். கிளீனிங் வேலை என்றே போடுவேன். அதைத்தான் முதலில் போடுவேன்.

அம்மா மும்பை தாராவியில் பிறந்து, தாராவியிலேயே வாழ்க்கைப்பட்டவர். நீங்கள் இருவரும் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் வாஷியில் ஓர் அலுவலகத்தில் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். புதிதில், ‘டஸ்ட்’ செய்யச் சொன்ன பெரிய மேசையைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் அழுத்தித் தேய்த்துவிட்டார். மேசை முழுக்கக் கீறல். நாளை முதல் வர வேண்டாம் என்றார் சூப்பர்வைசர். அவரும் தமிழர்தான்.

“வருவேன் சார். எங்க வீட்டுல சுத்தம்னா தேய்க்கதுதான். டஸ்ட்னா என்னன்னு ஒருநாளாவது காட்டித் தந்தீங்களா? காட்டுங்க, செய்யுதேன்.”

மறுநாளும் போய் நின்றார். வேறு வழியில்லாமல் சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்.

மாலையில் நம் மூவருக்கும் வீட்டில் பாடம். காய்ந்த துணியால் தூசியை மட்டும் எடுத்தால் டஸ்ட். ஈரத்துணியால் மேலாகத் துடைத்தால் வைப். கம்பில் கட்டிய துணியால் தரையைத் துடைத்தால் மாப். கறை போக அழுத்தித் தேய்த்தால் ஸ்க்ரப். நுரை போக நல்ல தண்ணீரில் அலசினால் ரின்ஸ். “உங்கப்பா முதுகுக்கு ஸ்க்ரப்புதான்” என்று என்னையும் விடவில்லை.

பிறகு நம் சந்திலிருந்து எந்தப் பெண் வேலைக்குப் போனாலும், நம் வாசலில் பழகிவிட்டுத்தான் போவாள். “தெரியாமப் போயி ஏச்சு வாங்காத பிள்ள” என்பார். கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோதும், தரை துடைத்த பெண்ணிடம், “குனியாத தாயி, கம்ப நீட்டிப் பிடி” என்றார்.

அவரைத் தோளில் சுமந்தவர்களுக்கும், துக்க நாட்களில் நம் வீட்டுக்குச் சோறு பொங்கித் தந்த நம் சந்துப் பெண்களுக்கும் என் கும்பிடு. மருத்துவமனையில் கூடவே இருந்த மாமாவுக்கும்தான். ஆனாலும் அவர் சொன்னபடி இந்த வரி மாறாது.

மகளே, உன்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அம்மா என்ன வேலை செய்தார் என்று கேட்டால், இந்த மலரைக் கையில் கொடு. முகம் சுளித்தால் வாசலைக் காட்டு. அவர்கள் போனதும் அம்மாவின் படத்தை டஸ்ட் செய். வைப் செய்யாதே, பொட்டு கலைந்துவிடும்.

உங்கள் அப்பா