மணலில் நின்ற லாரி

அன்று ஸ்டீயரிங்கில் அப்பா இருந்தார். பக்கத்தில் நான். பின்னால் அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும், கூழ்க் குடங்களோடு. கிளீனர் வரவில்லை, அவனுக்குக் காய்ச்சல். அவன் இருந்திருந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதல் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான். அன்றைக்கு அந்தப் படிப்பு ஒன்றுக்கும் உதவவில்லை.

1974 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து பெரியபாளையத்துப் பவானி அம்மன் கோயிலுக்குப் போகிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு உடனே சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. அன்று அப்பா விரதம். கூழ் ஊற்றும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. ஆனால் மாத்திரையை மட்டும் வெறும் வாயில் விழுங்கினார். அம்மா தடுத்தாள்.

"மாத்திரை இன்னா சோறா? அதுல விரதம் கெடாது" என்றார்.

ஆரணியாறு நெருங்கும்போது வண்டி ஊர்ந்தது. பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: "டிரைவர் மாமா, கூழு புளிச்சிப் போவுது. மாட்டு வண்டி தேவலாம் போலக்குதே." எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்பா பக்கம் திரும்பினேன். அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கூப்பிட்டேன். என்னைப் பார்த்தார், யார் என்று தெரியாதவர்போல. அவர் கால் ஆக்ஸிலேட்டரில் அழுந்தியது. எதிரே வேப்பிலை கட்டிய சனங்கள் நடந்து வருகிறார்கள். பிள்ளைகளும் இருந்தார்கள்.

தாயே, ஒரு உயிரும் போகக் கூடாது. அவ்வளவுதான் கேட்டேன். ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தேன். லாரி சாலையை விட்டிறங்கிக் காய்ந்த ஆற்றில் பாய்ந்தது. மணல் சக்கரங்களை விழுங்கி நிறுத்தியது. ஒரு உயிரும் போகவில்லை. அம்மா மட்டும் பின்பலகையில் மோதி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை சர்க்கரையை அடியோடு இறக்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் அப்பா கண் விழித்தார். யாராவது செத்தார்களா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மறுநாள், மாத்திரை கொடுத்த டாக்டரே வந்து பார்த்தார். லாரி என்றதும் அவர் முகம் வெளுத்தது.

"நீங்க இன்னா வேலை செய்றீங்கன்னு நான் கேக்கவே இல்லியே பெரியவரே."

"கேட்டிருந்தாலும் கொத்து வேலைன்னுதான் சொல்லிருப்பேன் சார். வண்டியப் புடுங்கிக்குவீங்க இல்ல?"

இனிமேல் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னார். முன்பே மூன்று நான்கு தடவை இப்படிக் கண் இருட்டியது என்று அப்பா அப்போதுதான் ஒப்புக்கொண்டார். ஆனாலும் மசியவில்லை. ஸ்டீயரிங் இல்லாவிட்டால் நான் பிணம் என்றார்.

நான் கோயிலுக்கு ஓடினேன். வேப்பஞ்சேலை கட்டி அங்கப்பிரதட்சணம் செய்தேன். அப்பாவின் உயிரை விட்டுவிடு, ஸ்டீயரிங்கை எடுத்துக்கொள் என்று அழுதேன். பெற்ற தகப்பனின் பிழைப்பைப் பிடுங்கச் சொல்லி எந்தப் பிள்ளையாவது வேண்டுவானா? நான் வேண்டினேன்.

திரும்பி வந்தபோது அப்பா அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அதுவரை அவரை ஒரு வார்த்தை குறை சொல்லாத அம்மா மெதுவாகக் கேட்டாள்: "ஆத்தா இன்னொரு தபாவும் மணலு போட்டு வெச்சிருப்பாளாய்யா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், என் லைசென்ஸ எடுத்தா" என்றார். வாரம் முடிவதற்குள் அதைத் தம் கையாலேயே அம்மன் உண்டியலில் போட்டார். பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. அந்த டாக்டரும் இப்போது நாடி பிடிக்கும் முன்பே, என்ன வேலை என்று கேட்கிறார்.

பவானியை நம்பும் என் சொந்தங்களே, உங்கள் வீட்டிலும் வயதான டிரைவர் இருக்கலாம். அவளிடம் கேளுங்கள், கொடுப்பாள். டாக்டரிடம் தொழிலை மறைக்காதீர்கள், அவர் வாயிலும் அவள்தான் பேசுகிறாள். எங்கள் வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அம்மா கோலூன்றித்தான் நடக்கிறாள். வைத்தியத்துக்கும் லாரி ரிப்பேருக்குமாக அரைக் காணி நிலத்தை விற்றோம். மொத்தச் செலவு இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.