மாத்திரை கொடுக்காத தீபம்

மாலை நாலு பத்து. தெர்மாமீட்டரில் பாதரசம் நூற்றொன்றில் நின்றிருந்தது. உதறிவிட்டு மறுபடி வைத்தேன். அதே இடம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை தீப நாள். செங்கம் சாலையில் எங்கள் வாடகை வீட்டு வாசலை ஒட்டிக் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஆறு வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய், வேலூரில் சிகிச்சை. மருந்தில் முடி கொட்டியிருந்தது, வெள்ளை அணுக்களும் குறைந்திருந்தன. அங்கே டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்: "இந்தக் குழந்தைங்களுக்கு உடம்புக்குள்ள கிருமி இருந்தாலும் சீழ் கட்டாது, சிவக்காது. காய்ச்சல் ஒண்ணுதான் காட்டிக் குடுக்கும். மாத்திரை போட்டு அத மறைச்சுடாதீங்க. உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

மகளுக்கு இருமல் இல்லை, வலி இல்லை. தரையில் உட்கார்ந்து அகல்களுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

தீபம் பார்க்க வந்திருந்த அண்ணன் மாத்திரையும் தண்ணீருமாக நின்றார். காலையிலிருந்து விரதம். அவள் குணமாக வேண்டும் என்றுதான் அந்த விரதமே.

"தீபம் ஏறுற நேரத்துல யாராவது ஊர உட்டுப் போவாங்களாடா? இதப் போட்டா எறங்கிடும். காலைல போலாம்."

"எறங்கிடும்ணா. அதான் வேணாங்கறேன்."

மனைவி அதற்குள் பையை எடுத்துவிட்டாள்.

கூட்டத்துக்காக வேலூர் பஸ்களை ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே நிறுத்தியிருந்தார்கள். அங்கே போக ஊரைக் கடக்க வேண்டும். வலம் வரும் கூட்டத்துக்கு எதிரே நடக்க வேண்டும். மகளின் மூக்கையும் வாயையும் துணியால் மூடித் தோளில் போட்டுக்கொண்டேன். மனைவி முன்னால் கையால் வழி விலக்கிக்கொண்டு போனாள்.

"யோவ், வலம் இந்தப் பக்கம்யா. மலையவே திருப்பி வெக்கப் போறியா?" என்றார் ஒருவர். பலர் சிரித்தார்கள். நான் நிற்கவில்லை.

"எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்கப்பா," என்றாள் மகள்.

"போகட்டும். நம்ம பஸ் இந்தப் பக்கம்."

ஊருக்குள் நுழையும்போது தீபம் ஏறியது. கூட்டம் மலையைப் பார்த்துக் கைகூப்பி அசையாமல் நின்றது. அந்த நேரத்தில் எங்களுக்கு வழி கிடைத்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளூர் நிருபரான நான், அந்த வருடத் தீபச் செய்தியை என் பத்திரிகைக்கு அனுப்பவுமில்லை.

வேலூரில் முதலில், கிருமி வளர்கிறதா என்று பார்க்க, புட்டியில் இரத்தம் எடுத்தார்கள். உடனே நரம்பில் மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அந்தப் புட்டியில் கிருமி வளர்ந்திருந்தது.

அன்று காலை காய்ச்சல் விட்டு, மகள் இரண்டு இட்லி சாப்பிட்டாள்.