பல்லக்காவின் காது

என் மனைவி வேலையில் இருந்த காலமெல்லாம் பல்செட் செய்யும் பட்டறையில் அடுத்தவர் வாய்க்கு அளவாகப் பல் இழைத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு லேத்தை இறக்கி மரம் கடைய ஆரம்பித்துவிட்டாள். கடைசல்காரர்கள் சங்கத்தில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். நான் பல்லக்கா வீட்டுக்காரர். பேருந்து நடத்துனராக இருந்தவனுக்குக் கடைசியாகக் கிடைத்த பதவி உயர்வு இதுதான்.

அவள் கடையும் கிண்ணங்கள் முட்டை ஓடு மாதிரி மெலிதாக இருக்கும். எப்படி என்று கேட்பவர்களிடம், உளி படும் சத்தத்தைக் கேட்கச் சொல்வாள். தடித்த மரம் முனகும். மெலிய மெலியச் சத்தம் கூர்மையாகும். அதற்கு மேலும் சீவினால் கிண்ணம் உடைந்து கையோடு வந்துவிடும். நடுநடுவே நிறுத்தி அளவு பார்க்கிறவர்களைக் கண்டால் அவளுக்குக் கொஞ்சம் இளக்காரம்தான்.

அப்படிப்பட்டவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. வண்டி நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு கத்திய என் குரலே அவளுக்கு எட்டவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகலாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். காது போனால் கடைசலும் போச்சு என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். நான் அதை எரிச்சலாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரம் பார்த்துச் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்தில் கடைந்து காட்டச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று நான் வாய் திறப்பதற்குள் ஒத்துக்கொண்டுவிட்டாள்.

கூட்டம் நடந்தது ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில். லேத்துக்கு மேலே, பின்னால் இருப்பவர்களுக்கும் தெரியும்படி ஒரு கண்ணாடியைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். ஈரச் சீவல் சுருள்சுருளாக என் மேல் வந்து விழுந்தது. வெளிப்புறம் முடிந்து உட்புறம் குடைய ஆரம்பித்தாள். முனகல் மெல்ல மெல்லக் கூர்மையானது. எனக்குக் கேட்டது. அவள் உளியை எடுக்கவில்லை.

நிறுத்து என்று கத்தினால் அத்தனை பேர் முன்னால் அவள் மானம் கப்பலேறும். பேசாமல் இருந்தால் கிண்ணம் போகும். உதட்டைக் கடித்துக்கொண்டு நாற்காலி விளிம்பைப் பிடித்தேன். அவள் ஒரு நொடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முறைக்கிறாள் என்று நினைத்தேன். உளியை எடுத்துவிட்டாள்.

கிண்ணத்தைக் கழற்றி விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினாள். மரத்தின் வழியே வெளிச்சம் தெரிந்தது. கைதட்டல் அடங்கியதும் ஒரு தாடிக்காரர், சரியாக அந்த இடத்தில் எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சங்கத் தலைவர் அவள் பக்கத்தில் போய்க் கேள்வியைத் திருப்பிச் சொன்னார். அவள் முகக்கவசத்தைக் கழற்றி மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இத்தன நாளா சத்தத்த வச்சுத்தான் நிறுத்துவேன். இப்ப எனக்கு அந்தச் சத்தம் கேக்கறதில்ல."

கையை என் பக்கம் நீட்டினாள்.

"முன்னாடி உக்காந்திருக்காரே, அவர்தான் என் வீட்டுக்காரர். அவர் மூஞ்சியப் பாத்துத்தான் நிறுத்தினேன்."

கொஞ்ச நாளாகவே அவள் கடையும்போதெல்லாம் சீவலைப் பெருக்க என்று என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு, பெருக்க விடாமல் எதிரிலேயே நிற்கவைத்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லோரும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். அதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் குனிந்து, சட்டையில் ஒட்டியிருந்த சீவலை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன்.