ஓரகத்தி வாரத்துக்கு விட்ட மாடுகள்

என் ஓரகத்தியின் கையில் ஒரு நாளும் பால் வாடை அடித்ததில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவளும் மாட்டை வைத்துத்தான் பிழைத்தாள், நானும் மாட்டை வைத்துத்தான் பிழைத்தேன். என் விரல் முட்டுகள் வீங்கிக் கிடந்தன. அவள் விரலில் மோதிரம் கிடந்தது.

நாங்கள் இருந்தது தெங்கேரா டவுனில், கடை வீடுகளுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில். என் மாமனார் ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் வடித்த சம்பளத்தில் ஒரு பசு வாங்கி, அதைப் பதினொரு மாடாகப் பெருக்கினவர். அவர் செத்து, காரியம் முடிந்த கையோடு பங்கு பிரித்தோம். என் புருஷன் மூத்தவர், ஆனால் வாய் திறக்காத ஆள். அதனால் நான் திறந்தேன்.

"கறவை நாலும் எங்களுக்கு. போத்தல் ஊத்துற வாடிக்கை எங்க கையில இருக்கு. மீதி ஏழையும் நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க."

மீதி ஏழு என்றால் வற்றிப்போன கிழட்டுப் பசு இரண்டு, கிடேரிக் கன்று ஐந்து. ஏழுக்கும் தீனி போட வேண்டும், ஏழும் சேர்ந்து ஒரு சொட்டுப் பால் தராது. கொழுந்தன் ரோட்டு வேலைக்குப் போகிறவன், புல் அறுக்க அவனுக்கு நேரம் கிடையாது. "என்ன அண்ணி இது, ஏழுன்னு எண்ணிக்கையா காட்டுறீங்க" என்று ஆரம்பித்தான். அவன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, அவன் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

"சரிக்கா. நீங்க சொல்றபடியே இருக்கட்டும்" என்றாள்.

அன்று நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அவளை மக்கு என்று நினைத்தேன்.

பால் வியாபாரத்தின் லாபம் எனக்கு விரல் நுனியில். இன்று கறந்தால் இன்று காசு. ஒரு போத்தல் கூடக் கறந்தால் ஒரு போத்தல் காசு கூட. மாமனார் இருந்தவரை இரண்டு காம்பைக் கன்றுக்கு விடச் சொல்லிக் கொட்டகை வாசலில் நின்று பார்ப்பார். அவர் போனபின் யார் கேட்பது? கன்றை முட்ட விடுவேன், பால் இறங்கியதும் இழுத்துக் கட்டிவிட்டு நாலு காம்பையும் கறப்பேன். பெட்டைக் கன்றுகள் எலும்பும் தோலுமாகிச் செத்தன. காளைக் கன்றுகளை விற்றேன். யாருக்கு விற்றேன் என்று கேட்காதீர்கள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்த ஐந்து கன்றையும் இரண்டு கிழட்டுப் பசுவையும் செலண்டார் பக்கம் ஓட்டிப் போய்த் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தாள். தீனி போட முடியாமல் தானம் கொடுத்துவிட்டாள் என்று காப்பிக்கடையில் சொல்லிச் சிரித்தேன். அவள் வீட்டில் மாடும் இல்லை, சாணியும் இல்லை. காலையில் எழுந்து முற்றம் பெருக்கிக் குளித்துப் பூ வைத்துக்கொள்வாள். நான் அந்நேரம் இரண்டு தடவை சாணி அள்ளி முடித்திருப்பேன்.

மூன்று நான்கு வருஷம் போனது. அவள் வீட்டு ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை தகரக் கூரையானது. பிறகு மோதிரம். பிறகு இரண்டு கைக்கும் வளையல். கூரையில் மழை விழும் சத்தம் என் கொட்டகை வரை கேட்கும். ஒவ்வொரு மழைக்கும் எனக்கு வயிறு எரியும்.

கிட்டங்கியில் உட்கார்ந்து வட்டிக்கு விடுகிறவர்களின் லாபம் எனக்குப் புரியும். துணிக்கடைக்காரன் லாபம் புரியும். இவள் லாபம் மட்டும் புரியவில்லை. எதையும் விற்று நான் பார்த்ததில்லை. ரோட்டு வேலைக்காரன் சம்பளத்தில் தகரமா போடுவான்? திருட்டு என்றே முடிவு கட்டினேன். கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நாள் புருஷனிடம் கறவையை ஒப்படைத்துவிட்டுச் செலண்டாருக்கு பஸ் ஏறினேன்.

லயத்துக்குப் பின்னால் ஒரு பசு நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. எங்கள் கொட்டகையில் பிறந்தது, பங்கில் நான் வேண்டாம் என்று தள்ளிய கன்றுகளில் ஒன்று. இப்போது மடி கனத்து நின்றது. பக்கத்தில் கொழுத்த கன்று. மரம் வெட்டிவிட்டு வந்த ஒரு பெண் அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இது யார் மாடும்மா?" என்றேன்.

"டவுன்ல இருக்கிற அக்காவோடது. வாரத்துக்கு, அதான் பங்குக்கு, வளர்க்கிறேன்."

பேச்சு என்னவென்று கேட்டேன். தாய் எப்போதும் என் ஓரகத்திக்கு. பால் வளர்க்கிறவர்களுக்கு. முதல் கன்று அவளுக்கு, அடுத்தது இவர்களுக்கு, அதற்கடுத்தது மறுபடி அவளுக்கு. அவளுக்கு வரும் கன்றையும் அவள் வீட்டுக்கு ஓட்டிப் போவதில்லை, இன்னொரு லயத்தில் இன்னொரு வீட்டில் விட்டுவிடுவாள். காளையாக இருந்தால் வளர்ந்ததும் வண்டிக்காரனுக்கு விற்பாள். இப்படி அந்தத் தோட்டத்தில் மட்டும் எட்டு வீட்டில் அவள் மாடு நின்றது.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். புல் தோட்டத்துப் புல். அறுப்பது வேறு கை. கறப்பது வேறு கை. இவள் செய்வது ஒன்றே ஒன்று, காத்திருப்பது. நான் தினமும் பாலை விற்றேன், அவள் பசுவை விற்கவே இல்லை. அதனால்தான் அவளுக்குப் பெருகியது.

"ஏம்மா, நீ புல்லு அறுக்கிற, நீ சாணி அள்ளுற. அவ நோகாம கன்னை ஓட்டிக்கிட்டுப் போறா. உன்னை ஏமாத்துறான்னு தெரியலையா?" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "மாடு வாங்க எங்ககிட்ட ஏதுக்கா காசு? என் பிள்ளைங்க பால் குடிக்குது, மிச்சத்தைக் கணக்கு எழுதுற கிராணி வீட்டுக்கு ஊத்துறேன். சரி, நீங்க ஒரு கன்னு குடுங்க லா. அவங்களை விட நல்ல பேச்சாப் பேசுங்க, நாளைக்கே உங்ககிட்ட வாங்கிக்கிறேன். இருக்கா கன்னு?"

என்னிடம் ஒரு கன்றும் இல்லை. பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றிச் சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். ஊரே அழுதது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மறைக்கப் போவதில்லை. அவள் மாட்டை வளர்த்தவர்கள் போய்விட்டால் அவள் என்ன செய்வாள் பார்ப்போம் என்று இருந்தேன். போனவர்கள் அவள் மாட்டை அவளிடமே ஒப்படைத்தார்கள். தங்கள் பங்குக் கன்றைக் கப்பலில் ஏற்ற முடியுமா? அதையும் வந்த விலைக்கு அவளிடமே விற்றார்கள். போகாமல் நின்றவர்கள், அரைச் சம்பளக்காரர்கள், பாலுக்காக இன்னொரு மாடு கேட்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

விழுந்தது நான்தான். என்னிடம் வாங்கிய டவுன் கிராணிமார்கள் சம்பளம் குறைந்து பாலை நிறுத்தினார்கள். கடைசியில் காப்பிக்கடைக்காரரும் நிறுத்தினார்.

"தங்கச்சி, உன் பாலு மத்தியானத்துல திரிஞ்சு போகுது. டின் பாலைத் திறந்தா நாள் முழுக்க ஓடும், சீனியும் போட வேணாம்" என்றார். அவர் லாபம் டின்னுக்குள் இருந்தது. என் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

என் நாலு கறவையில் ஒன்று செத்தது, இரண்டு கிழடு தட்டி வற்றின. மிஞ்சின ஒன்று அரைப் போத்தல் கறந்தது. கையில் எஞ்சிய ஆறு வீடுகளுக்காவது தினமும் ஊற்ற முடியவில்லை என்றால் கொட்டகைக்கு வாடகை கிடையாது, எங்களுக்குச் சோறும் கிடையாது. மாடு வாங்கக் காசில்லை. வளர்ந்திருக்க வேண்டிய மாடுகளை நானே போத்தலில் ஊற்றி விற்றிருந்தேன்.

புருஷன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "அவகிட்ட ஒண்ணு கேளு."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போனேன். தகரக் கூரைக்குக் கீழே முதல் தடவையாக உட்கார்ந்தேன். கேட்டேன்.

"சினைப் பசுவாத் தர்றேன்க்கா. செலண்டார்ல எல்லாருக்கும் என்ன பேச்சோ அதே பேச்சு" என்றாள்.

"நான் உனக்கு மூத்தவ."

"அதனாலதான் சினையாத் தர்றேன். மத்தவங்களுக்குக் கன்னாத்தான் குடுப்பேன்." வெற்றிலையை மடித்து என் பக்கம் தள்ளினாள். "கன்னுக்கு ரெண்டு காம்பு விடணும். மாமா விடச் சொன்ன மாதிரி. நான் வந்து பார்ப்பேன்."

அறைந்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் கேலி இல்லை. வியாபாரம்தான் இருந்தது.

வெட்டுக்காரியின் பங்குக் கன்று கறவையாகிவிட்டதால், அவளிடமிருந்த சுட்டிப் பசுவே வந்தது. கிடேரிக் கன்று ஈன்றது. வெள்ளிக்கிழமை தோறும் அவள் வந்து கன்றின் விலாவைத் தடவிப் பார்ப்பாள். இரண்டு காம்பை விட்டே கறந்தேன். பாலைக் குறைத்து ஊற்றினேன், ஆறு வீட்டில் திட்டு வாங்கினேன். என் கன்றாக இருந்திருந்தால் அது செத்திருக்கும். அவள் கன்று என்பதால் உருண்டு திரண்டு வளர்ந்தது. இவ்வளவு வருஷத்தில் நான் உருப்படியாக வளர்த்த முதல் கன்று அதுதான்.

ஒரு வருஷம் கழித்து ஓட்டிப் போக வந்தாள். தாய் மறுபடி சினை. அடுத்தது என் கன்று.

"இதை யார்கிட்ட விடப் போற?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"செர்காம்ல ஒரு வீட்ல கேட்டிருக்காங்க."

"கடலோரம் வேணாம். புல்லு பத்தாது, மேய விட இடமும் கிடையாது. செலண்டார்லயே அந்த வெட்டுக்காரிகிட்ட விடு. தாயை அவ நல்லா வச்சிருந்தா."

அவள் கயிற்றைக் கையில் சுற்றியபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பத்தான்க்கா நீங்க மாட்டுக்காரி மாதிரிப் பேசுறீங்க."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கன்று செலண்டாருக்குத்தான் போனது.