இரண்டு மவுண்ட், ஒரு முகூர்த்தம்

மலைமேல் வளப்பூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியில் ஒரு கல்யாண வீடு. தாலி கட்டச் சற்று நேரமே இருந்தது. மணமேடைக்கு நேர் எதிரே பெண்கள் கூட்டத்துக்குள் நெருங்கி நின்று லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். சீர்த்தட்டோடு வந்த யாரோ ஒருவரின் முழங்கை இடித்தது. கிட்டத்திலிருந்தே முழுக் காட்சியையும் எடுக்கும் வைட் லென்ஸ் கையிலிருந்து கல்படியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் பின்பக்க வளையம் நெளிந்திருந்தது. மாட்டிப் பார்த்தேன், ஏறவில்லை.

நான் செம்மேட்டில் போட்டோ ஸ்டுடியோ வைத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. யூசுப் அடிவாரத்துக்காரன், என் தொழில் பங்காளி. இரண்டு பேரும் ஒரே கம்பெனியின் பழைய கேமராக்களை வைத்திருந்தோம். அவை அடிக்கடி மக்கர் பண்ணவே, ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் என்ற புது வகைக் கேமராவுக்கு மாறுவதென்று முடிவெடுத்தோம். எந்தக் கம்பெனிக்கு என்பதில்தான் சண்டை.

"பழைய கம்பெனியே போதும். அடாப்டர் போட்டா நம்ம லென்ஸெல்லாம் அதுலயே ஓடும்" என்பேன் நான்.

"இல்லீங்க்கா, அந்த இன்னொண்ணு ஆளோட கண்ணைத் தேடி ஃபோகஸை அப்படியே புடிச்சுக்குது. ஆளு அசைஞ்சாலும் உடமாட்டேங்குது" என்பான் அவன்.

காலையில் ஒன்றை முடிவு செய்வேன். மத்தியானம் ஒரு வீடியோ பார்ப்பேன், மனசு மாறிவிடும். சாப்பிடும்போதும் அதே யோசனை. கடைசியில், அவரவர் விரும்பியதைச் சேலத்தில் வாடகைக்கு எடுத்து இந்தக் கல்யாணத்தில் பார்த்துவிடுவோம் என்று கிளம்பி வந்திருந்தோம்.

அன்று காலையிலேயே பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்: "ஏனுங்க, தாலி கட்டறத மட்டும் உட்டுராதீங்க சாமி. இவ அண்ணன் பட்டாளத்துல இருக்கறான், லீவு கெடைக்கல. போட்டோவுலதான் பாக்கோணும்."

வைட் லென்ஸ் போனபின் மிச்சம் என்னிடம் இருந்தது, தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸ். அந்த நெருக்கத்தில் அதை வைத்து மூக்கை மட்டும்தான் எடுக்க முடியும். மேடையின் பக்கவாட்டில் நின்ற யூசுப்பின் பையில் இதே அளவு லென்ஸ் இன்னொன்று சும்மா கிடந்தது. ஆனால் அது வேறு மவுண்ட், கேமராவில் மாட்டும் வாயே வேறு. என் கேமராவில் ஏறாது. அவனுக்கோ முன்னால் ஐயரின் முதுகுதான் தெரிந்தது. கூட்டத்தைத் தாண்டி என் இடத்துக்கு வரவும் வழியில்லை.

நெளிந்த லென்ஸைத் தூக்கிக் காட்டினேன். அவன் ஒரு கணம் பார்த்தான். கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி, பையிலிருந்த அந்த லென்ஸை அதில் மாட்டி முன்னாலிருந்தவரிடம் நீட்டினான்.

"அக்காகிட்டக் குடுங்க! பாத்து, பாத்துங்க!"

தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி அது என்னிடம் வந்து சேர்ந்தது. வெளிச்சம் கூட்டலாம் என்று டயலைத் திருப்பினேன், படம் இருண்டது. எல்லாமே எனக்குப் பழகியதற்கு எதிர்த்திசை. கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ மோடில் விட்டேன். திரையில் பெண்ணின் கண்மேல் ஃபோகஸ் காட்டும் ஒரு பச்சைக் கட்டம் வந்து உட்கார்ந்தது. அமுக்கிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் முடிச்சில் அவள் நிமிர்ந்து நேரே என்னைப் பார்த்தாள்.

பந்திக்கு முன்பே அந்தப் படத்தைப் பெண்ணின் அம்மாவின் போனில் இறக்கிக் கொடுத்தேன். சிக்னல் தேடி ரோட்டு வளைவுவரை நடந்துபோய் மகனுக்கு அனுப்பிவிட்டு வந்தார். "அழுதுட்டானுங்க" என்றவர், தானும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பிடும்போது யூசுப் மெதுவாகச் சொன்னான்: "உங்களுதையே வாங்கிக்கலாங்க்கா. லென்ஸெல்லாம் வீணாப் போவ வேண்டாம்."

"எனக்குக் கிட்டத்துல இருக்கறதே மங்கலாத் தெரியுது யூசுப்பு. அந்தப் பச்சைக் கட்டம் உன்னைவிட எனக்குத்தான் வேணும். உன்னுதையே வாங்குவோம். எதுன்னாலும் ரெண்டு பேரும் ஒண்ணையே வாங்கோணும்."

வாங்கினோம். ஆனாலும் புது மாடல் வந்தது என்று கேள்விப்பட்டால் இன்றும் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. அதற்கு மருந்து இல்லை. கேமரா வாங்கப் போகிறேன், எது நல்லது என்று கேட்டு ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பக்கத்தில் நிற்கப் போகிறவர் எதை வைத்திருக்கிறார்?