பி.இ.க்கு டியூஷன்

பதின்மூன்று வயதில் நான் உடற்பயிற்சி வகுப்பில் ஃபெயிலானேன். அதில்கூட ஒருத்தி ஃபெயிலாக முடியும் என்று எங்கள் குடும்பத்துக்கு அதுவரை தெரியாது.

கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பீடு. கடைசி வரியில் பி.இ., அதாவது உடற்கல்வி; அதற்கு நேரே 'நாட் அச்சீவ்ட்'. அந்தப் பருவம் முழுக்க நெட்பால். பந்து என்னை நோக்கி வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அதைத்தான் ஆசிரியை மிக நாகரிகமான ஆங்கிலத்தில் இரண்டு வரியாக எழுதியிருந்தார்.

அப்பா சிரித்தார். "என் பொண்ணுதான், சந்தேகமே இல்ல," என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. அவள் மதுரைக்காரி. அரை மார்க்கில் மருத்துவக் கல்லூரி இடத்தைத் தவறவிட்டு, நர்சிங் படித்து, நியூசிலாந்தில் ஆக்லாந்து மருத்துவமனை ஒன்றில் வேலைக்கு வந்தவள். அந்த அரை மார்க்கும் அவளோடு விமானம் ஏறி வந்து கிளென்ஃபீல்டில் எங்கள் வீட்டில்தான் குடியிருந்தது. கட்-ஆஃப் என்ற சொல்லை நான் ஏ, பி, சி, டி கற்றபோதே கற்றுக்கொண்டேன்.

"எல்லா மார்க்கையும் கூட்டித்தானே சீட்டு குடுப்பாங்க?" என்றாள்.

"இட்ஸ் ஜஸ்ட் பி.இ., அம்மா."

வாய்தான் அப்படிச் சொன்னது. டாக்டராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை மட்டுமில்லை, எனக்கும் அதே ஆசைதான். ஒரு பந்தைப் பிடிக்கத் தெரியாமல் அது கைநழுவிப் போகப்போகிறது என்று நினைத்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் அம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, பி.இ.க்கு டியூஷன் எடுப்பவர் யாராவது உண்டா என்று விசாரித்தாள். கணக்குக்கு உண்டு, வயலினுக்கு உண்டு, பரதநாட்டியத்துக்குக் கேட்கவே வேண்டாம். பந்து பிடிக்கச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து ஆன்ட்டி ஒருவர்தான், "டியூஷன் என்னத்துக்கு? பிள்ளையைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தை எறியுங்கோ," என்றார். அம்மா அதை டாக்டர் எழுதிய மருந்துபோல எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில் பார்க். அம்மாவுக்குச் சுரிதார், இடுப்பில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா, வார்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் ஷூ. எனக்கு அவமானமாக இருந்தது. நாய்களோடு நடக்க வந்தவர்கள் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அம்மாவுக்கும் பந்து பிடிக்கத் தெரியவில்லை என்பது முதல் நாளே அம்பலமாகிவிட்டது. பந்து சரிவில் உருண்டோட, இரண்டு பேரும் அதன் பின்னால் ஓடினோம்.

"எங்க ஸ்கூல்ல பி.டி. பீரியட் வந்தாலே கணக்கு சார் வந்து நின்னுருவாரு," என்றாள் ஒருநாள், தண்ணீர் குடித்துக்கொண்டே. "நாங்க கிரவுண்டுல இறங்குனதே கொடியேத்துற அன்னைக்குத்தான்."

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மழை வந்தால் வீட்டுக்குப் போகலாமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் சந்திப்பு வந்தது. பி.இ. ஆசிரியை எதிரில் அம்மா நல்ல புடவையில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மதிப்பீட்டால் இவளுக்கு மெடிசின் கிடைக்காமல் போகுமா என்று கேட்டாள். ஆசிரியை சிரிக்காமல் பதில் சொன்னதற்கு நான் இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். பல்கலைக்கழகம் பார்ப்பது பள்ளியின் கடைசி வருடப் படிப்பைத்தான். இந்த வகுப்பின் பி.இ.யை யாரும் கேட்கப்போவதில்லை என்றார். அம்மா இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

எனக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. டாக்டராவதும் போகவில்லை, சனிக்கிழமைத் தூக்கமும் திரும்பக் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை அம்மா என் அறை வாசலில் நின்றாள். துப்பட்டா இடுப்பில், பந்து கையில்.

"இட் டசன்ட் கவுண்ட், அம்மா. மிஸ் சொன்னாங்களே."

"கேட்டுச்சு. எந்திரி, மழை வந்துரும்."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். நெட்பால் முடிந்து பள்ளியில் ஹாக்கி தொடங்கிய பிறகும் நாங்கள் பந்து எறிந்துகொண்டிருந்தோம். அம்மா இப்போது ஒரு கையால்கூடப் பிடித்தாள்; பிடித்துவிட்டு யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். நான் தவறவிட்ட பந்தை எடுக்க எனக்கு முன்னால் அவளே ஓடினாள். முடி அவிழ்ந்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "இன்னொரு தடவை," என்றாள்.

பாவம், டீச்சர் அவ்வளவு சொல்லியும் அம்மாவுக்கு இன்னும் பயம் போகவில்லை என்று நினைத்தேன். என் படிப்புக்காக இப்படி ஓடி ஓடிக் கஷ்டப்படுகிறாளே என்று அந்தக் குளிர்காலம் முழுக்க அவள்மேல் பரிதாபப்பட்டேன். அவள் விளையாடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவேயில்லை.