இடது கை ஒன்றே போதும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாத வெள்ளிக்கிழமை, சிங்கப்பெருமாள் கோவிலில் நடந்தது இது. கோவிலுக்குள் அல்ல, ஊரின் பெயரே அதுதான். ஊரைத் தாண்டிப் போனால் வரிசையாகத் தொழிற்சாலைகள் வருமே, அவற்றில் ஒன்றில்.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சாஃப்ட்வேர் என்றதும் கண்ணாடிக் கட்டடம், ஏ.சி. பஸ், இலவச காபி என்று நினைத்துவிட வேண்டாம். கீழே பாத்திரக் கடை, மேலே நாங்கள். மொத்தமே ஏழெட்டுப் பேர்தான். தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்போம். எல்லாமே மொபைலுக்கு வந்துவிட்ட காலத்தில் இதையெல்லாம் இன்னும் யாராவது வாங்குகிறார்களா என்று என் நாத்தனார் மகன் கேட்பான். வாங்குகிறார்கள். செம்பாக்கத்தில் என் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது.

என்னோடு ஒரு பெண் வேலை பார்த்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பம் அவள் ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்பவர். தினமும் பஸ் மாறித் தாம்பரம் வந்து சேர்வாள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான் என்பதால் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கம்ப்யூட்டர் திரையில் பெயர் அடிக்க, எண் அடிக்க, தேதி போட என்று கட்டம் கட்டமாகப் பெட்டிகள் இருக்கும் அல்லவா? அவை எங்களுக்கு ரெடிமேடாகவே கிடைக்கும். இழுத்து ஸ்க்ரீனில் போட்டால் முடிந்தது வேலை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். இவள் செய்ய மாட்டாள். ரெடிமேட் பெட்டியிலிருந்து சொந்தமாக ஒரு தாய்ப் பெட்டியை முதலில் உண்டாக்குவாள். பிறகு அதன் பிள்ளைகளாக எண் பெட்டி, தேதிப் பெட்டி, பட்டியல் பெட்டி என்று வரிசையாகச் செய்வாள். எந்த ஸ்க்ரீனாக இருந்தாலும் அவள் வீட்டுப் பிள்ளைகள்தான் போக வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டிகள் ஆரம்பத்தில் புதிதாக ஒன்றுமே செய்யாது. ரெடிமேட் செய்வதையே செய்துகொண்டிருக்கும். "இதுக்கு எதுக்குடி இவ்ளோ பாடு?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"இருக்கட்டும்க்கா. நாளைக்கு எதுனா மாத்தணும்னா தாயை மாத்தினா போதும். புள்ளைங்க தானா மாறிடும்" என்பாள்.

மாவில் உப்புப் போட்டால் எல்லா இட்லிக்கும் உப்பு வந்துவிடும், இட்லி இட்லியாகத் தூவிக்கொண்டிருக்க வேண்டாம். அவள் சொன்னது அவ்வளவுதான். புத்தகத்தில் நானும் படித்ததுதான். ஆனால் முதலாளி 'எப்ப முடியும், எப்ப முடியும்' என்று கழுத்தைப் பிடிக்கும்போது படித்ததெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் மின்சார ரயிலில் போய், ஸ்க்ரீன்களெல்லாம் அவள் கையால் செய்த புது சாஃப்ட்வேரை அந்தத் தொழிற்சாலையில் போட்டுக் கொடுத்தோம். வண்டிகளுக்கான உதிரி பாகங்கள் செய்கிற இடம். லாரியில் சரக்கு ஏறும்போது எந்தப் பாகம், எத்தனை, கூடப் போகிற சலான் சீட்டு எது என்று ஸ்டோர்ஸில் ஒருவர் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அவர் பதிந்து முடித்தால்தான் லாரி கிளம்பும்.

ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருந்த அண்ணன் உள்ளூர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். எங்களைப் பார்த்ததும் "வாங்கம்மா வாங்க" என்று எழுந்தார். அப்போதுதான் கவனித்தேன். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. முன்பு அங்கேயே தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவராம். விபத்துக்குப் பிறகு ஸ்டோர்ஸுக்கு வந்து, இடது கையாலேயே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, பல வருடங்களாகப் பழைய சாஃப்ட்வேரை விளாசிக்கொண்டிருந்தவர்.

நாங்கள் செய்த புது சாஃப்ட்வேரோ முழுக்க முழுக்க இரண்டு கைக்காரர்களுக்கானது. என்னென்ன வேண்டும் என்று கேட்க வந்த நாட்களில் மேனேஜர் அறையில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே கேட்டோம். எங்கள் தொழிலில் இது வழக்கம். வேலை வாங்குகிறவரிடம் கேட்போம், வேலை செய்கிறவரிடம் கேட்க மாட்டோம்.

அவர் உட்கார்ந்து முயன்று பார்த்தார். பாகத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க மவுஸ், எண்ணிக்கை அடிக்கக் கீபோர்டு, தேதிக்கு மறுபடி மவுஸ் என்று அந்த ஒரு கை பஸ் ஸ்டாண்டு பயணி மாதிரி இங்கும் அங்கும் அலைந்தது. நாலைந்து வரிகளைச் சேர்த்துக் குறிக்க வேண்டுமானால் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே மவுஸை க்ளிக் செய்ய வேண்டும். அவர் வலது மணிக்கட்டைத் தூக்கிக் கீபோர்டின் மேல் வைத்து அழுத்தினார். கீபோர்டு சறுக்கிக்கொண்டு போய்விட்டது.

"இது ரெண்டு கை கேக்குதும்மா. நம்ப கிட்ட ஸ்டாக் இல்லியே" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். மேனேஜர் வந்தார், பார்த்தார். கெட்டவர் இல்லை. சரக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் அவர் தலைதான் உருளும். எங்களைத் தனியே அழைத்து, "உங்க மேல தப்பு இல்ல மேடம். சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு. திங்கட்கிழமையிலேர்ந்து வேற ஆளை உக்கார வெச்சிடறேன். இவரு வாட்ச்மேனா கேட்டுல இருக்கட்டும்" என்றார்.

அண்ணனுக்கு அது கேட்டுவிட்டது. எங்களிடம் வந்து, "கேட்டுல உக்கார்றது ஒண்ணும் கேவலம் இல்லம்மா. ஆனா இங்க, நான் சொன்னாத்தான் லாரி கெளம்பும்" என்றார். அந்த முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இவள் நேரே மேனேஜரிடம் போனாள். "சார், திங்கக்கெழமை காலைல மொத லாரிக்கு அண்ணனே உக்காரட்டும். நாங்க மாத்திக்கினு வரோம். அப்பவும் சரியா வரலன்னா உங்க இஷ்டம்." அவர் அரைமனதோடு தலையாட்டினார். இருந்ததோ இரண்டே நாள்.

திரும்பி வரும் ரயிலில் எனக்குத் தோன்றிய யோசனையைச் சொன்னேன். அண்ணனுக்கென்று தனியாக ஒரே ஒரு ஸ்க்ரீன், எளிமையாகச் செய்து கொடுத்துவிடலாம், மற்றவர்கள் இப்போது இருப்பதையே வைத்துக்கொள்ளட்டும். வேலையும் குறைவு, ஆபத்தும் குறைவு. முதலாளியும் ஃபோனில் அதைத்தான் சொன்னார். நன்றாக ஓடுகிற மற்ற ஸ்க்ரீன்களைத் தொட்டால் தொலைத்துவிடுவேன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். கூடுவாஞ்சேரி தாண்டியதும் சொன்னாள்: "தனி ஸ்க்ரீன் வேணாம்க்கா. அடுத்த வருஷம் எதுனா மாத்துவோம். அப்ப அந்த ஒரு ஸ்க்ரீன மட்டும் மறந்துடுவோம். அப்பறம் அதுக்காக ஒர்த்தர் ஏன் மெனக்கெடணும்னு தோணும். ஸ்க்ரீனும் போயிடும், அண்ணனும் போயிடுவாரு."

"மத்த ஸ்க்ரீன தொடக் கூடாதுன்னாரேடி முதலாளி" என்றதற்கு, "ஒண்ணையும் தொட மாட்டேன்க்கா" என்றாள்.

சனிக்கிழமை நான் அலுவலகம் போனபோது, அவள் தன் துப்பட்டாவால் வலது கையை நாற்காலியின் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னடி கோலம் இது?" என்றேன். "இன்னாக்கா பண்றது, அவிழ்த்து வுட்டா கை தானா மவுஸுக்குப் போவுது" என்றாள். டீயை இடது கையால் குடித்தாள், பாதி மேலே ஊற்றிக்கொண்டாள். டிபன் பாக்ஸைத் திறக்க முடியவில்லை. நான் திறக்கப் போனால் வேண்டாம் என்று தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மல்லுக்கு நின்றாள். திறந்ததும் மீன் குழம்பு வாசனை மாடி முழுக்கப் பரவியது.

கம்ப்யூட்டரிலேயே ஒற்றைக் கைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுப் பார்த்தோம். அழுத்திப் பிடிக்கிற கஷ்டம் தீர்ந்தது, ஆனால் மவுஸுக்கும் கீபோர்டுக்கும் இடையிலான அலைச்சல் தீரவில்லை. கடைசியில் அவள் கீபோர்டின் ஓரத்தில் எண்கள் மட்டும் இருக்கும் பகுதியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் பழைய சாஃப்ட்வேரை ஓட்டியது அதில்தான். கூட்டல் குறியைத் தட்டினால் அடுத்த வரி, கழித்தல் குறியைத் தட்டினால் அந்த வரிக்கு டிக், நட்சத்திரத்துக்குப் பட்டியல், சாய்கோட்டுக்கு இன்றைய தேதி. பாகத்தின் எண்ணில் ஓரிரு இலக்கம் அடித்தாலே பட்டியல் தானாகச் சுருங்கி வரும். கை அந்த இடத்தை விட்டு நகரவே வேண்டாம்.

இத்தனையையும் அவள் தாய்ப் பெட்டியில் மட்டும்தான் எழுதினாள். ஒரு ஸ்க்ரீனைக்கூடத் திறக்கவில்லை. சாயங்காலம் மொத்தத்தையும் ஓட்டியபோது ஸ்டோர்ஸ், கொள்முதல், தரச் சோதனை, ஏன், மேனேஜருடைய ஸ்க்ரீன் உட்பட எல்லாமே ஒரே மூச்சில் இடது கைக்குப் பழகிவிட்டிருந்தன. மவுஸும் பழையபடி வேலை செய்தது. நான் ரெடிமேட் பெட்டிகளை வைத்துச் செய்திருந்தால் ஒவ்வொரு ஸ்க்ரீனாகத் திறந்து, ஒவ்வொரு பெட்டியாகத் தட்டி, தீபாவளி வரை உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கை தட்டத் தோன்றியது, தட்டினேன். அவள் கட்டிய கையைக் காட்டி, "என்னால திருப்பித் தட்ட முடியாதுக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என் கையைக் கட்டிக்கொண்டு நான் சோதித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்த மாதிரிதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை. லாரி நின்றது. மேனேஜர் கைகட்டிக்கொண்டு பின்னால் நின்றார். அவள் சொல்லிக் கொடுத்து முடிக்கும் முன்பே அண்ணன் தட்ட ஆரம்பித்துவிட்டார். வரிகள் சரசரவென்று இறங்கின.

அப்படியே போய்க்கொண்டிருந்தவர் சலான் எண்ணுக்கு வந்தார். அந்த எண்ணின் நடுவே சாய்கோடு வரும். அவர் சாய்கோட்டைத் தட்ட, சலான் எண் இருக்க வேண்டிய இடத்தில் இன்றைய தேதி வந்து விழுந்தது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தார். திரும்பவும் தேதி. மேனேஜர் பெருமூச்சு விட்டார்.

அவள் பதறவில்லை. லாப்டாப்பைத் தொழிற்சாலை அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் வைத்துத் திறந்தாள். தாய் சொன்னதில் ஒன்றை மட்டும் மீறுகிற ஒரு பிள்ளையை உண்டாக்கினாள்: மற்றதெல்லாம் தாய் மாதிரி, சாய்கோடு மட்டும் வெறும் சாய்கோடு. சலான் பெட்டி இருந்த இடத்தில் அதை வைத்தாள். அதற்குள் அண்ணன் டிரைவரைப் பார்த்து, "இன்னா பாத்துக்கினு நிக்கிற, போய் டீ சாப்ட்டு வா" என்று அதட்டினார். டிரைவர் டீயோடு திரும்பி வரும்போது சலான் அச்சாகிக்கொண்டிருந்தது. அண்ணன் அதை இடது கையால் கிழித்து நீட்டி, "ரைட்டு, போ" என்றார். லாரி கிளம்பியது.

மேனேஜர் தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். அவர் கம்ப்யூட்டரிலும் கூட்டல் குறியைத் தட்டினால் என்னவோ ஆகிறதாம். "இது இன்னாப்பா, எனக்கும் இப்படி வருது? எப்படி ஓட்டறது, வந்து சொல்லு" என்று அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். வேற ஆள், கேட் என்ற பேச்சு அதற்கப்புறம் எழவே இல்லை.

நாங்கள் கிளம்பும்போது அண்ணன் வாசல் வரை வந்தார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இதெல்லாம் எனக்கோசரமா மாத்தினீங்கோ?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்: "இல்லண்ணா. இங்க எல்லா ஸ்க்ரீனும் அப்படித்தான். மேனேஜர் சாருக்கும் அதான்."

அவள் சொன்னது பொய் இல்லை. அவர் முகம் அப்படியே லேசாகிவிட்டது. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த லாரி வந்துவிட்டதென்று திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

அவள் இப்போது வேறு கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள். இத்தனை வருடத்தில் அவளைவிட வேகமாக எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவளைவிட அதிகம் படித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிதருக்கு அவ்வளவு பெரிய உதவியைச் செய்துவிட்டு, அவர் தனக்கு நன்றி சொல்லியாக வேண்டிய இடத்தில் அவரை நிறுத்தாமல் விட்டாளே, அதை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் மனம் நெகிழ்ந்துவிடுகிறது.